இலங்கை நொடித்தது, சிங்கப்பூர் நொடிக்கவில்லை: அரசுக் கடனை எப்படிப் படிப்பது?

நாடுகளின் கடன் பட்டியல் ஒன்று அவ்வப்போது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும். நாட்டின் பெயர், பக்கத்தில் ஒரு விழுக்காடு. அவ்வளவுதான். அதில் ஜப்பானும் சிங்கப்பூரும் உச்சியில் நிற்கும். ஜப்பானின் அரசுக் கடன் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சிங்கப்பூருடையது ஒன்றரை மடங்குக்கும் மேல். 2022இல் கைவிரித்த இலங்கைக்கோ, அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில் கடன் உற்பத்திக்கு ஏறத்தாழச் சமமாகத்தான் இருந்தது.

பட்டியலைப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ‘சிங்கப்பூரும் ஒருநாள் விழப்போகிறது’ என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். ‘கடனெல்லாம் வெறும் எண், கவலைப்பட ஒன்றுமில்லை’ என்று வேறு சிலர் தேற்றுகிறார்கள். இரு தரப்பும் பார்க்காத விவரங்கள் நான்கு: கடன் எந்த நாணயத்தில், யாரிடம், எப்போது கட்ட வேண்டியது, எந்த வருமானத்திலிருந்து. விழுக்காடு இவற்றில் ஒன்றையும் சொல்லாது.

இக்கட்டுரையில் டாலர் என்றால் அமெரிக்க டாலர். வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

1. பற்றாக்குறையும் கடனும். ஓராண்டில் வரவை மீறி அரசு செய்யும் செலவு பற்றாக்குறை. அதை ஈடுகட்ட ஆண்டுதோறும் வாங்கியது சேர்ந்து நிற்பதுதான் கடன். பற்றாக்குறையை இந்த ஆண்டே குறைத்தாலும், பழைய கடனும் அதன் வட்டியும் அப்படியே நிற்கும்.

2. உள்நாட்டுக் கடனும் வெளிநாட்டுக் கடனும். சொந்த நாணயத்தில் சொந்த மக்களிடமும் வங்கிகளிடமும் வாங்கிய கடனைக் கட்ட, அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இருக்கிறது. கடைசி வழியாகப் பணத்தை அச்சிடவும் முடியும். விலைவாசி ஏறும் என்பது வேறு விஷயம். டாலரில் வாங்கிய கடனுக்கு அந்த வழி கிடையாது. ஏற்றுமதி, சுற்றுப்பயணிகள், வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம், இல்லையென்றால் இன்னொரு டாலர் கடன் என்று எங்கிருந்தாவது டாலர் வந்தாக வேண்டும்.

3. சலுகைக் கடனும் வணிகக் கடனும். உலக வங்கி ஏழை நாடுகளுக்குத் தரும் சலுகைக் கடனுக்கு 30, 40 ஆண்டுத் தவணை உண்டு. வட்டி மிகக் குறைவு. முதல் சில ஆண்டுகளில் அசலைத் தொட வேண்டியதில்லை. அனைத்துலகச் சந்தையில் விற்கும் கடன் பத்திரங்களுக்குப் பெரும்பாலும் 5 அல்லது 10 ஆண்டுதான். வட்டியும் அதிகம். அசல் முழுவதையும் ஒரே நாளில் திருப்பித்தர வேண்டும்.

4. கடனைப் புரட்டுதல். பழைய பத்திரம் முதிரும் நாளில் புதிய பத்திரம் விற்று அதை அடைப்பது உலகெங்கும் எல்லா அரசுகளும் செய்வதுதான். அதில் குற்றமில்லை. புதிய பத்திரத்தை வாங்க ஆள் இல்லாத ஆண்டில்தான் சிக்கல்.

சிங்கப்பூர் வாங்கும் கடன் எங்கே போகிறது?

சிங்கப்பூர் அரசாங்கத்துக்கு வெளிநாட்டுக் கடன் கிடையாது. அது விற்கும் பத்திரங்கள் சிங்கப்பூர் வெள்ளியில் இருக்கின்றன. அவற்றில் கணிசமான பங்கு, ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியை (மசேநி) நிர்வகிக்கும் கழகம் வாங்கி வைத்திருக்கும் சிறப்புப் பத்திரங்கள். மாதந்தோறும் சம்பளத்திலிருந்து மசேநிக்குப் போகும் பணத்தின் வழியாக, மசேநி உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்தான்.

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படித் திரட்டும் பணத்தை அரசாங்கம் அன்றாடச் செலவுக்கு எடுக்க முடியாது. முதலீடு செய்ய வேண்டும். ஒரு பக்கம் கடன் என்றால் மறுபக்கம் அதற்கு ஈடான சொத்து; அந்தச் சொத்தின் மதிப்பு கடனைவிட அதிகம். முதலீட்டு வருமானத்தில் ஒரு பகுதி ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்துக்கு வருகிறது; அரசாங்கச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது தாங்குகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 2021இல் இயற்றிய சட்டம், தலைமுறைகளுக்குப் பயன்படும் பெரிய உள்கட்டமைப்புகளுக்காக 90 பில்லியன் வெள்ளி வரை கடன் வாங்கிச் செலவிட அனுமதிக்கிறது. அந்தக் கடனின் ஆண்டு வட்டிச் செலவுக்கும் உச்சவரம்பு சட்டத்திலேயே இருக்கிறது.

ஆக, அந்தப் பட்டியலில் சிங்கப்பூரின் விழுக்காடு பொய்யில்லை. ஆனால் வீட்டுக்கடனை மட்டும் எழுதிவிட்டு வீட்டை எழுதாமல் விட்ட கணக்கு அது.

இலங்கையில் ரூபாய் வரவும் டாலர் வரவும் சேர்ந்து வற்றின

இலங்கை 1997இல் நடுத்தர வருமான நாடாக உயர்ந்தது. பெருமையான செய்திதான், ஆனால் அதற்குப் பிறகு சலுகைக் கடன் படிப்படியாகச் சுருங்கியது. 2007இல் முதன்முறையாக அனைத்துலகச் சந்தையில் 500 மில்லியன் டாலருக்கு ஐந்தாண்டுப் பத்திரம் விற்றது. வட்டி 8.25 விழுக்காடு. போர் முடிந்த பிறகு இந்தப் பத்திர விற்பனை பெருகி, நாடு நொடித்த நேரத்தில் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுவே இருந்தது. சாலைகளும் துறைமுகமும் விமான நிலையமும் எழுந்தன. அவை ஈட்டியது பெரும்பாலும் ரூபாய். கட்ட வேண்டியதோ டாலர்.

பிறகு நடந்தவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போனது.

1. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு சுற்றுப்பயணத் துறையை அடித்தது. அடுத்த ஆண்டே கொவிட் வந்தது.

2. 2019 இறுதியில் புதிய அரசு வரிகளை வெட்டியது. மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. அந்த வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வர்த்தகத்தின் ஆண்டு விற்பனை வரம்பு 12 மில்லியன் ரூபாயிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. இரண்டாவது மாற்றம்தான் பெரிய சேதம் செய்தது என்பது என் கணிப்பு. விகிதத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம். வரிப் பட்டியலிலிருந்தே வெளியேறிய ஆயிரக்கணக்கான வர்த்தகங்களைத் திரும்பக் கொண்டுவருவது எளிதில்லை. 2021இல் அரசின் வருமானம் உற்பத்தியில் 9 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது.

3. நாடுகளின் கடன் கட்டும் திறனை அளக்கும் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் 2020இல் இலங்கையைக் கீழிறக்கின. புதிய பத்திரம் விற்கும் வழி அடைபட்டது. பழைய பத்திரங்களை நாட்டின் டாலர் கையிருப்பிலிருந்து அடைக்க வேண்டியதாயிற்று. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டாலராக இருந்த கையிருப்பு கரையத் தொடங்கியது.

4. உள்நாட்டில் பணம் போதாமல் மத்திய வங்கி அச்சிட்டுக் கொடுத்தது. ஆனால் டாலர் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்தார்கள். வங்கியில் கிடைத்ததைவிட, வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரரிடம் கூடுதல் ரூபாய் கிடைத்ததால், வெளிநாட்டில் உழைத்தவர்கள் அந்த வழியில் அனுப்பினார்கள். வங்கிகள் வழியாக வந்த பணம் 2020இல் 7.1 பில்லியன் டாலர். 2021இல் சுமார் 5.5 பில்லியன். விலையைப் பிடித்து வைத்து டாலரைக் காப்பாற்றப் போய், டாலர் வரும் வாசலையே அரசு அடைத்துக்கொண்டது.

5. 2021 ஏப்ரலில் இரசாயன உரத்துக்குத் தடை விதித்து, அதே ஆண்டு நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். அதற்குள் நெல் விளைச்சல் வீழ்ந்து, அரிசியையும் டாலர் கொடுத்து வாங்க நேர்ந்தது.

2022 ஜனவரியில் 500 மில்லியன் டாலர் பத்திரம் ஒன்று முதிர்ந்தது. பால்மாவும் மருந்தும் சமையல் எரிவாயுவும் இறக்க வங்கிகளில் டாலர் கிடைக்காமல் வணிகர்கள் தவித்த நேரம் அது. கொழும்புத் துறைமுகத்தில் உணவுக் கொள்கலன்கள் எடுக்க ஆளின்றிக் கிடந்தன. பத்திரத்தைக் கட்டுவதா, கையில் இருக்கும் டாலரை மக்களுக்கு வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு அரசு முதல் வழியைத் தேர்ந்தது; முழுத் தொகையையும் கட்டியது. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, இனி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. ‘சுதந்திரம் பெற்றதிலிருந்து ஒருமுறையும் தவறியதில்லை’ என்ற பெயரைக் காப்பாற்ற இன்னும் மூன்று மாதம் விலைகொடுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான் கிடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் உடனே பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டாலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஜூலை 14 அன்று அதிபர் கோத்தபாய ராஜபக்ச மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் வந்திறங்கி, இங்கிருந்தே பதவி விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்.

சிராங்கூன் சாலையில் தெரிந்த கணக்கு

டாலர் விலையைப் பிடித்து வைத்த கை 2022 மார்ச்சில் விலகியது. 200 ரூபாயாக இருந்த டாலர் இரண்டே மாதத்தில் 360 ரூபாயானது. இதனால் கடனுக்கு என்ன ஆயிற்று? 1 பில்லியன் டாலர் கடன் 200 பில்லியன் ரூபாயிலிருந்து 360 பில்லியன் ரூபாயானது. ஒரு காசுகூடப் புதிதாக வாங்காமலேயே கடன் முக்கால் பங்குக்கு மேல் பெருத்துவிட்டது.

இதே கணக்கைச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலுள்ள நாணய மாற்றுக் கடைகளின் பக்கமிருந்தும் போட்டுப் பார்க்கலாம். முன்பு ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 150 இலங்கை ரூபாய். 2022 செப்டம்பரில் சுமார் 250. இங்கே வீட்டு வேலை பார்க்கும் இலங்கைப் பெண் ஒருவர் மாதம் 400 வெள்ளி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு இப்போது 1 லட்சம் வரும். ஊரில் பலரும் ‘உங்களுக்கென்ன’ என்று பொறாமைப்பட்டிருப்பார்கள். ஆனால் கொழும்பில் அந்த மாதம் உணவு விலை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு கூடியிருந்தது. முழுப் பணமும் சமையலுக்கே போகும் வீடென்றால், அந்த 1 லட்சம் முந்தைய ஆண்டின் 51,000 ரூபாய்க்குச் சமம். வெள்ளியில் சம்பாதிப்பவர் வீட்டுக்கே இந்தக் கதி. ரூபாயில் சம்பளம் வாங்கிய ஆசிரியரும் தோட்டத் தொழிலாளரும் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். வறுமைக்கோட்டின் கீழ் இருப்போரின் விகிதம் 2019க்கும் 2023க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, நாட்டில் நான்கில் ஒருவர் ஏழை என்ற நிலைக்கு வந்ததாக உலக வங்கி கணக்கிட்டது.

இங்கே கருவூலப் பத்திரத்துக்கு வரிசை, அங்கே கடனுக்கு 10 விழுக்காடு

2022 இறுதியில் சிங்கப்பூரின் ஆறு மாதக் கருவூலப் பத்திரம் 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தந்தது. மசேநிப் பணத்தைப் போட விரும்பியவர்கள் வங்கிக் கிளைகளில் வரிசை பிடித்தது பலருக்கு நினைவிருக்கும். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி, பூச்சியத்தை ஒட்டியிருந்த தன் வட்டியை 2022 மார்ச் முதல் ஏற்றத் தொடங்கி, அடுத்த ஆண்டு 5 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோனது. உலகெங்கும் வட்டி ஏறியது. நமக்குக் கிடைத்த அந்த 4 விழுக்காட்டின் மறுபக்கம்தான் கடன் வாங்கிய நாடுகளுக்கு வந்த இடி.

பாதுகாப்பான அமெரிக்கப் பத்திரமே 5 விழுக்காடு தரும்போது, ஆப்பிரிக்க நாடு ஒன்றுக்கு யார் 6 விழுக்காட்டுக்குக் கடன் கொடுப்பார்? 2024 ஜூனில் முதிரவிருந்த 2 பில்லியன் டாலர் பத்திரத்தை அடைக்க, கென்யா அதே ஆண்டு பிப்ரவரியில் 1.5 பில்லியன் டாலருக்குப் புதிய பத்திரம் விற்றது. அதற்குக் கொடுக்க நேர்ந்தது 10 விழுக்காட்டுக்கும் மேல். கென்யா தவறவில்லை, கடனைப் புரட்டிவிட்டது. அதற்கான பணத்தை வரியில் தேடியபோது ஜூன் 25 அன்று இளையர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். மறுநாள் அதிபர் ரூட்டோ வரி மசோதாவைத் திரும்பப் பெற்றார். சந்தையின் பார்வையில் ஒழுங்காகக் கட்டிய நாடு. வீதியின் பார்வையில் அப்படியில்லை.

இது புதிய கதையும் அல்ல. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வட்டி இப்படியே ஏறியபோது, 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கைவிரித்தது. லத்தீன் அமெரிக்காவே பத்தாண்டுகளை இழந்தது. ஐநா வர்த்தக, வளர்ச்சி அமைப்பின் 2024 அறிக்கை சொன்னது: கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிட வட்டிக்குக் கூடுதலாகச் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள். இந்நாடுகளில் பெரும்பாலானவை நொடித்ததாக அறிவிக்கவில்லை. அதனால் செய்தியிலும் வருவதில்லை.

சீனாவின் ‘கடன் பொறி’: பாதிக்கதை

இலங்கையின் தெற்கிலுள்ள அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்கு ஈடாகச் சீனா எடுத்துக்கொண்டது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. 2017இல் நடந்தது வேறு. சீன நிறுவனம் ஒன்று 99 ஆண்டுக் குத்தகைக்கு 1.12 பில்லியன் டாலர் கொடுத்தது. துறைமுகம் கட்ட வாங்கிய கடன் அதனால் அழியவில்லை, அது தொடர்ந்தது. வந்த டாலர் கையிருப்பைத் தூக்கி நிறுத்தவும் வேறு கடன்களைச் சமாளிக்கவும் பயன்பட்டது. நெருக்கியது யார் என்று பார்த்தால் முன்வரிசையில் நின்றது சந்தையில் விற்ற பத்திரங்கள். சீனக் கடன், அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

சீனாவுக்கு இதில் பொறுப்பே இல்லை என்பதல்ல என் வாதம். ஒப்பந்த நிபந்தனைகளை வெளியே சொல்லக் கூடாது என்பதும், கடன் கொடுத்த மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்காராமல் தனியே பேசுவதும், நாடு நொடித்த பிறகு நடந்த கடன் சீரமைப்புப் பேச்சை இழுத்தடித்தன. ஆனால் எல்லாப் பழியையும் பெய்ச்சிங்கின் தலையில் போட்டுவிட்டால், 8 விழுக்காடு வட்டி வாங்கிய நியூயார்க், லண்டன் முதலீட்டு நிதிகளும், 2019இல் வரியை வெட்டியவர்களும் நழுவிவிடுகிறார்கள்.

நொடித்த பிறகு யார் எதை விட்டுக்கொடுப்பது?

ஒரு நிறுவனம் நொடித்தால் நீதிமன்றம் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அது தீர்த்துவைக்கும். நாடு நொடித்தால் அப்படி ஒரு மன்றம் உலகில் இல்லை. கடன் கொடுத்தவர்கள் தனித்தனிக் குழுக்களாக நின்று, மற்றவர் முதலில் விட்டுக்கொடுக்கட்டும் என்று காத்திருப்பார்கள்.

1. அனைத்துலக நாணய நிதியம், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி. இவை வழக்கமாக எதையும் தள்ளுபடி செய்வதில்லை. நெருக்கடியிலும் தொடர்ந்து கொடுப்பதால் அந்த முன்னுரிமை.

2. அரசுகள். பழைய பணக்கார நாடுகளின் ‘பாரிஸ் கிளப்’ 1956இலிருந்து இயங்குகிறது. இன்று பெரிய அளவில் கடன் கொடுக்கும் சீனாவும் இந்தியாவும் அதில் உறுப்பினர்கள் அல்ல.

3. பத்திரம் வைத்திருப்போர். இலங்கைப் பத்திரங்கள் நியூயார்க் சட்டத்தின் கீழ் விற்கப்பட்டவை. ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற சிறு நிறுவனம் ஒரு பத்திரத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேராமல் 2022 ஜூனில் அங்கே வழக்குப் போட்டது. இப்படி ஒதுங்கி நின்று முழுப் பணம் கேட்பவர்கள் எந்த அளவுக்குப் போவார்கள் என்பதற்கு அர்ஜென்டினா சாட்சி. 2012இல் அதன் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே கானாவின் துறைமுகம் ஒன்றில் ஒரு முதலீட்டு நிதி தடுத்து வைத்தது.

4. உள்நாட்டில் கடன் கொடுத்தவர்கள். வங்கிகள், ஓய்வூதிய நிதிகள். இவர்களைப் பற்றித்தான் வெளிநாட்டுச் செய்திகளில் ஓரிரு வரிக்கு மேல் வராது.

தள்ளுபடி எப்போதும் அசலை வெட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. இன்று வரவேண்டிய 100 டாலர் பத்தாண்டு கழித்து வட்டியில்லாமல் வந்தால், 8 விழுக்காட்டுக் கணக்கில் அதன் இன்றைய மதிப்பு 46 டாலர்தான். அசலில் கை வைக்காமலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ‘அசலைக் குறைக்க மாட்டோம், தவணையை நீட்டுகிறோம்’ என்று ஒரு நாடு சொன்னால் அது எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பொருளில்லை. எத்தனை ஆண்டு, என்ன வட்டி என்று கேட்க வேண்டும்.

அரசுகளோடு இலங்கை உடன்பாடு கண்டது 2024 ஜூனில்: இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் இணைத்தலைமை வகித்த குழுவோடு 5.8 பில்லியன் டாலருக்கு. சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு தனியே 4.2 பில்லியனுக்கு. பத்திரதாரர்களோடு முடிந்தது டிசம்பரில். நொடித்ததிலிருந்து இரண்டரை ஆண்டுக்கு மேல். 2020 நவம்பரில் தவறிய ஸாம்பியா பத்திரதாரர்களோடு முடிக்க 2024 வரை ஆயிற்று. இழுபறி நடக்கும் ஒவ்வொரு மாதமும் முதலீடு வராது, கடன் கிடைக்காது, வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஊழியர் சேமலாப நிதியம் கொடுத்த விலை

வெளிநாட்டவர் பேசிக்கொண்டிருக்க, உள்நாட்டுக் கடன் சீரமைப்பு 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இலங்கையின் ஊழியர் சேமலாப நிதியம் நம் மத்திய சேம நிதிக்கு இணையானது. தனியார் துறை ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பணமும் அதில் இருக்கிறது. அந்த நிதியம் தன் பழைய அரசுப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, நீண்டகால, குறைந்த வட்டிப் பத்திரங்களை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் அதன் வருமானத்துக்கு 14 விழுக்காட்டுக்குப் பதில் 30 விழுக்காடு வரி. இதற்குப் பெயர் விருப்பத் தேர்வு. உறுப்பினர்களுக்குக் குறைந்தது 9 விழுக்காடு வட்டி உண்டு என்று அரசு உறுதியளித்தது. ஆனால் விலைவாசி ஏற்றம் 70 விழுக்காட்டைத் தொட்ட 2022இலேயே அவர்களுடைய சேமிப்பின் மதிப்பில் கணிசமான பகுதி கரைந்திருந்தது.

வங்கிகள் வைத்திருந்த உள்நாட்டுப் பத்திரங்களை அரசு பெரும்பாலும் தொடவில்லை. அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவற்றைத் தொட்டால் வைப்பாளர்கள் பதறுவார்கள் என்பது சொன்ன காரணம். வங்கிகள் கவிழ்ந்தால் எல்லோரும் கவிழ்வார்கள் என்பதால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் பதறி ஓட முடியாதவர்களின் பணம்தான் முதலில் கைக்கு எட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நாணய நிதியம் எதற்கு, எந்த விலைக்கு?

நாணய நிதியம் 2023 மார்ச்சில் இலங்கைக்கு ஒப்புக்கொண்டது நான்காண்டில் சுமார் 3 பில்லியன் டாலர். நாட்டின் கடனோடு ஒப்பிட்டால் சிறு தொகை. நிதியத்தின் முத்திரை இல்லாமல் கடன் கொடுத்த வேறு எவரும் பேச வரமாட்டார் என்பதுதான் அதன் பலம். இலங்கைக்கு இது 17ஆவது திட்டம். முந்தைய 16இல் எத்தனை நிலைத்த பலன் தந்தன என்ற கேள்வி இரு தரப்புக்கும் உரியது.

நிபந்தனைகள் வழக்கமானவை: வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வரவு செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், மின்சாரத்தையும் எரிபொருளையும் நட்டத்துக்கு விற்கக் கூடாது, மத்திய வங்கி அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 விழுக்காடும், 2023 பிப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் ஏறியது. மதிப்புக்கூட்டு வரி 8இலிருந்து படிப்படியாக 18 விழுக்காட்டுக்குப் போனது. வரி வசூலிக்காத அரசு நிற்காது என்பதில் நிதியத்தின் கணக்கு சரி. ஆனால் அரிசிக்கடையில் கட்டும் வரியை ஏற்றுவது எளிது, சொத்து வைத்திருப்பவரிடம் வரி வாங்குவது கடினம். எளிதானது முதலில் நடந்தது.

அடுத்த நாடு செய்தியில் வரும்போது

லாவோஸின் கிப் நாணயம் 2022இலிருந்து டாலருக்கு எதிராக ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்தது; அதற்கு அதிகம் கடன் கொடுத்த நாடு சீனா. மாலத்தீவு 2024இல் தடுமாறியபோது இந்தியா 400 மில்லியன் டாலர் நாணய மாற்று வசதி கொடுத்துத் தாங்கியது. இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது கடன் விழுக்காட்டுக்கு முன்பாக, அரசின் வருமானத்தில் வட்டி எத்தனை பங்கு, அடுத்த இரண்டு ஆண்டில் முதிரும் டாலர் கடன் எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாத இறக்குமதிக்குப் போதும் என்பவற்றைத் தேடுங்கள். அரசு அறிவிக்கும் நாணய விலைக்கும் தெருவில் கிடைக்கும் விலைக்கும் இடைவெளி விரிந்தால், அமைச்சர்கள் என்ன சொன்னாலும் டாலர் தீர்ந்துகொண்டிருக்கிறது. கூடுதல் வட்டி தரும் வளரும் நாட்டுக் கடன் பத்திர நிதிகளில் இங்கிருந்து பணம் போடுபவர்களுக்கும் இவை உதவும். அந்தக் கூடுதல் வட்டி எதற்காகத் தரப்படுகிறது என்பது மேலே சொன்ன கதைதான்.

இலங்கையைப் பொறுத்தவரை பார்க்க வேண்டிய ஆண்டு 2028. பத்திரதாரர்கள் அசலில் 27 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் அது இறுதி எண் அல்ல. புதிய பத்திரங்களில் பெரும்பகுதி பொருளியல் வளர்ச்சியோடு பிணைக்கப்பட்டது. 2025 முதல் 2027 வரை நாட்டின் சராசரி உற்பத்தி, டாலர் கணக்கில், குறித்த அளவைத் தாண்டினால் இலங்கை கூடுதலாகக் கட்ட வேண்டும். குறைந்தால் தள்ளுபடி கூடும். ரூபாய் வலுவடைந்தாலே டாலர் கணக்கில் உற்பத்தி உயர்ந்து தெரியும் என்பதால், உண்மை வளர்ச்சிக்கும் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். நாணய நிதியத்தின் திட்டம் 2027இல் முடிகிறது. பெரிய தவணைகள் அதற்குப் பிறகு வருகின்றன. அப்போது கொழும்பில் எந்த அரசு இருந்தாலும், அதன் முதல் வரவுசெலவுத் திட்டத்தில் கணிசமான பகுதியை இந்த ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும்.